இரண்டடி குறைகிறது

வெளியே அளந்தால் பதினாலு அடி.
உள்ளே அளந்தால் பன்னிரண்டு.
நாடாவைச் சுருட்டி மறுபடி பிடித்தேன்.
சுவர் பிழை விடாது, ஆள்தான் பிழை விடுவான் என்று
எனக்கு வேலை பழக்கிய போர்த்துக்கீசன் சொல்வான்.
மறுபடியும் பன்னிரண்டு.

டொராண்டோவில், பாதர்ஸ்ட் தெருவுக்கு மேற்கே
விற்கப்போகிற ஒரு செங்கல் வீடு.
குளியலறையைப் பெருப்பிக்க வேண்டும்,
அதற்கு வடக்கு அறை அலமாரியை உடைக்க வேண்டும்.
எனக்குச் சொன்ன வேலை அவ்வளவுதான்.

அலமாரியின் முதுகுப் பலகையில் ஆணி இல்லை.
கீழ் விளிம்பில் விரல் நுழைய ஒரு பள்ளம்.
இழுத்தேன்.
கதவு.

முழங்காலை நாடியில் முட்டக்கொடுத்தால்
ஐந்து பேர் இருக்கலாம்.
நீளப் பெஞ்சு. மூடி போட்ட வாளி.
சுவர் முழுக்க மூன்று மடிப்பாய்ச் சாம்பல் நிறக் கம்பளி,
தொப்பிக்கு வெட்டுகிற துணி.
நாலு கோப்பைகள் ஒரே அளவில்,
ஐந்தாவது சின்னது.
பிறகு டின்கள்: மீன், அவரை, பீச்.

கூப்பிட்டேன்.
தோபா ஸ்லோமோவிட்ஸ் மேலே வந்தாள்,
பேப்பரில் பாதி சுற்றிய தட்டோடு.
"அப்பா" என்றாள்.
என்னிடம் சொன்னாளா, அவரைக் கூப்பிட்டாளா, தெரியவில்லை.

ஃபைவெல். ஸ்பாடினாவில் தொப்பிக் கம்பனியில் துணி வெட்டியவர்.
நாற்பத்தெட்டில் ஹாலிஃபாக்ஸில் கப்பல் இறங்கியவர்.
அதற்கு முன் தார்னபோல் பக்கம்
ஒரு குதிரை லாயத்துக்குக் கீழே
இருபத்திரண்டு மாதம்,
அவரும் மனைவி கித்தலும் அவளுடைய இரண்டு தம்பிகளும்.
மேலே குதிரை காலை மாற்றி வைத்தால்
யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம்.
பிறகு ஒரு பனிக்காலத்தில் மலையேறி ருமேனியா.
இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.
கதையைச் சொன்னவர்கள் சுவரைச் சொல்லவில்லை.

ஒரு பீச் டின்னைக் கவிழ்த்தாள்.
அடியில் பென்சிலால்: செப்டம்பர் 1986.
இன்னொன்று. அதே செப்டம்பர்.
அடுத்த மே மாதம் அவர் இறந்துபோனார்.

தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் பெஞ்சில் இருந்தாள்.
"புது வருஷத்துக்கு எல்லா வீட்டிலும் ஆப்பிளும் தேனும்.
எங்கள் வீட்டில் கூடவே டின் பீச், கிண்ணம் கிண்ணமாக.
பிறகு இரண்டு கிழமைக்கு அவரை, அவரை, அவரை.
அப்பாவுக்கு டின் பைத்தியம் என்று
தம்பியும் நானும் சிரிப்போம்.
ஒரு வருஷம் எங்களுக்காகக் காத்திருந்ததைத்தான்
தின்றிருக்கிறோம்."

ஒருவரும் தேடி வராத முப்பத்தொரு வருஷம்.
வருஷத்துக்கு ஒரு தரம் அவர் உள்ளே போய்
பழையதை எடுத்துப் புதியதை வைத்திருக்கிறார்.

சின்னக் கோப்பையை எடுத்தாள்.
"லாயத்துக்குக் கீழே நாலு பேர் என்றுதான்
எப்போதும் சொல்வார்கள்."
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.
தூசியில் அதன் வட்டம் இருந்தது.

பிறகு என்னிடம்: "உள்ளே போங்கள்.
கதவைச் சாத்துகிறேன். இருமிப் பாருங்கள்."

இருட்டு.
கம்பளி மணம், துருவின் மணம்.
இரும வரவில்லை.
ஆறு வயதில், பதுங்குகுழியில்,
இருமலை விழுங்கப் பழகிய தொண்டை.
கொஞ்ச நேரம் எடுத்தது.
பிறகு இருமினேன், நெஞ்சு நோக,
இன்னொரு தரம், இன்னொரு தரம்.

திறந்தாள்.
"இருமினீர்களா?"
"மூன்று தரம்."
"ஒன்றுமே கேட்கவில்லை."
தகப்பனின் கைவேலையை ஆள்கூட்டிக் காட்டுகிற
பிள்ளையின் முகம் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை உடைத்தேன்.
உள்ளேயும் பதினாலு அடி வந்தது.
அவள் சின்னக் கோப்பையை மட்டும் கொண்டுபோனாள்.

கம்பளி ஆறு மூட்டை.
குப்பை லாரியில் போடவில்லை,
என் வேனில் கிடக்கிறது.
மனைவி கேட்டாள், இது என்னத்துக்கு என்று.
குளிருக்கு என்றேன்.